ஆக்சிஜன் குழாயில் ஐந்து விரல்

எங்கள் ஹைட்ரஜன் ஆலையை இன்னும் பல மடங்கு பெரிதாக்கப் போகிறார்களாம். போன வாரம் அங்கிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள் இலத்தூரில் என் வீடு தேடி வந்து சொன்னார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்க என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "சேஃப்டி பத்தி நாலு வார்த்தை எழுதுங்க அண்ணாச்சி, போதும்" என்றார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற சமாச்சாரமா அது? அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். பிடித்தால் கொடுக்கட்டும், பிடிக்காவிட்டால் மடித்து வைத்துக்கொள்ளட்டும்.

நான் படித்தது ஐ.டி.ஐ. வேலை பழகியது கடற்கரையோரம் ஒரு காஸ்டிக் சோடா ஆலையில். உப்புத் தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். கூடவே ஹைட்ரஜனும் வரும். அப்போதெல்லாம் அதைச் சீந்துவார் இல்லை. கொஞ்சத்தைப் பாய்லரில் எரிப்போம், மிச்சத்தைக் குழாய் வழியாக வானத்துக்கு அனுப்புவோம். ஹைட்ரஜன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. குழாய் கசிந்து பற்றிக்கொண்டிருந்தாலும் அந்த இடம் வெறும் காற்றாகத்தான் தோன்றும். அதனால் சந்தேகம் வந்தால் ஈர்க்கு வாரியல், அதாவது விளக்குமாறு, ஒன்றை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நடப்போம். வாரியல் நுனி பொசுங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். வீட்டில் வாரியலைத் தொட்டறியாத ஆம்பிளைகள் எல்லாம் அங்கே அதைப் பயபக்தியோடு ஏந்திக்கொண்டு போவோம். ஹைட்ரஜனுக்குப் பயப்பட நான் கற்றுக்கொண்டது அப்படித்தான். ஆக்சிஜனுக்குப் பயப்பட யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு காலம் மாறியது. நாங்கள் வானத்துக்கு அனுப்பிய அதே வாயுவை நிலக்கரிக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று தொழிற்சாலைகள் தேடி வர ஆரம்பித்தன. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாலைகளின் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆலை ஒன்று எங்கள் பக்கத்திலேயே வந்தது. வேலைக்காக ஊரை விட்டுப் போனவன், வேலையே ஊருக்கு வந்ததும் ஓடிப் போய்ச் சேர்ந்துகொண்டேன். ஓய்வுக்குச் சில வருடங்களே இருந்தன. ஷிப்ட் பொறுப்பாளர் வேலை.

முதலில் சின்ன ஆலைதான். தண்ணீரைப் பிரித்தால் ஒரு பக்கம் ஹைட்ரஜன் வரும், மறுபக்கம் ஆக்சிஜன் வரும். ஹைட்ரஜனைச் சேர்த்து லாரியில் ஏற்றுவோம். ஆக்சிஜனைக் காற்றில் விட்டுவிடுவோம். பெரிதாக்கத் தீர்மானித்தபோதுதான் வந்தது வினை. இவ்வளவு ஆக்சிஜனை ஏன் வீணாக்க வேண்டும், அதையும் அழுத்தி அடைத்து விற்கலாமே என்று புதிதாக ஒரு உயரழுத்தக் குழாய்த் தொடர் போட்டார்கள். அதோடு கூடவே பாதுகாப்பு அதிகாரியாக ஜெசிந்தா மேடமும் வந்து சேர்ந்தார்.

தூத்துக்குடிக்காரர். ஒல்லியான உருவம், தாழ்ந்த குரல். முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து அவர் கேட்ட கேள்வியில் எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"தலைக்கு எண்ண வச்சிருக்கவங்க கையத் தூக்குங்க."

தென்காசிச் சீமையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் யார் கையைத் தூக்காமல் இருப்பான்? எல்லாரும் தூக்கினோம். "சந்தோசம். நீங்க யாரும் ஆக்சிஜன் பக்கம் வராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் விளக்கினார். அழுத்தி அடைத்த ஆக்சிஜனில் ஒரு துளி எண்ணெய் கிடந்தால் போதும், தீக்குச்சியே வேண்டாம். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு நெருக்கியடித்துச் சூடாகும், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு இரும்பே விறகாகிவிடும். இரும்பு எரியும் என்றதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஆக்சிஜன் பகுதியில் வேலை செய்கிறவன் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் ஞாயிற்றுக்கிழமை அந்த வாசலை மிதிக்கக் கூடாது. எங்கள் தலையெல்லாம் தேங்காய் நாராகிவிட்டது. "கல்யாண வீட்டுக்கு உங்களக் கூட்டிட்டுப் போகவே வெக்கமா இருக்கு" என்று என் மனைவி சிவகாமி நொடித்தாள்.

மேடத்தின் முறை இன்றும் எனக்கு மனப்பாடம். கைக்கடிகாரம், மோதிரம், அரைஞாணில் கோத்த தாயத்து வரை கழற்றி வைக்க வேண்டும். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டுத் துண்டில் துடைக்கக் கூடாது. அவர் தருகிற வெள்ளைத் துணியில்தான் துடைக்க வேண்டும். துணியில் நிழல் மாதிரிக் கறை தெரிந்தாலும் மறுபடி கழுவ வேண்டியதுதான். அதன் பிறகு இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, ஒவ்வொன்றாகப் பிடித்து முகர்ந்து பார்ப்பார். எண்ணெய் வாசனை வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கையை மெதுவாக விட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிடுவார். அந்த மௌனத்துக்கு நாங்கள் பயந்த அளவுக்கு யார் திட்டுக்கும் பயந்ததில்லை. கேலி செய்யாமலும் இல்லை. மோப்ப மேடம் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்கும் தெரியும்.

இந்தக் கண்டிப்பைச் சிரமம் என்றே நினைக்காத ஒரே ஆள் காதர். அச்சன்புதூர்க்காரன். வளைகுடாவில் எரிவாயு ஆலையில் வருடக்கணக்காகக் குழாய் பிட்டராக வேலை பார்த்தவன். ஒரு தடவை விடுப்பில் வந்தபோது அவன் மகள் அவனைக் கண்டு பயந்து அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாளாம். அதற்குப் பிறகு அவனுக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. எங்கள் ஆலையில் வேலை கிடைத்தது. "இந்த வேல போச்சுன்னா மறுபடி பிளேன்தான் அண்ணாச்சி. என் புள்ள இப்பதான் என்ன வாப்பான்னு கூப்புடுதா" என்று அடிக்கடி சொல்லுவான். அதனால் சட்டம் என்றால் அவனுக்குச் சட்டம்தான்.

புதிய தொடரை ஓட்டத் தொடங்கும் நாளும் நான் ஓய்வு பெறும் நாளும் ஒன்றாக அமைந்தன. அமைந்தது என்ன, ஆலையின் எம்.டி. அப்படி அமைத்தார். ஹைட்ரஜனை வாங்கப்போகும் தொழிற்சாலையின் அதிகாரிகள் வடக்கேயிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னிலையில் நல்ல நேரத்தில் ஆக்சிஜன் வால்வை நான் கையால் திறக்க வேண்டும். பக்கத்தில் மாலையோடு சிவகாமி. பிறகு சால்வை, போட்டோ. எனக்கும் உள்ளூரப் பெருமைதான். சிவகாமி அதற்கென்று புதுச் சேலை எடுத்திருந்தாள்.

முந்தின நாள் நல்ல சாரல். வந்த விருந்தாளிகளுக்குக் குற்றாலத்தில் குளித்தே தீர வேண்டுமாம். அவர்களோடு இந்தியில் பேச ஆள் வேண்டுமே என்று எம்.டி. காதரை அனுப்பிவைத்தார். வளைகுடாவில் பழகிய இந்தி அவனுடையது. விருந்தாளிகள் சுகமாகப் படுத்து எண்ணெய் மசாஜ் செய்துகொண்டார்கள். காதரையும் வற்புறுத்தினார்களாம். "நமக்கு எண்ண ஆகாது" என்று சொல்லித் தள்ளி உட்கார்ந்துகொண்டான். அவர்கள் குளிக்கப் போனபோது மட்டும், வழி காட்ட அருவிக்குள் இறங்கி ஒரு தலை நனைத்துவிட்டு வந்தான்.

மத்தியானம் திரும்பி வந்ததும் கடைசி இணைப்புகளைப் பூட்டும் வேலை அவனுக்கு. வழக்கம்போலச் சோப்பு, துணி எல்லாம் ஆயிற்று. துணியில் கறை இல்லை. மேடம் வாசலில் நின்று அவன் கைகளைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். நான் அருகில்தான் நின்றேன். அவர் கையில் கைக்குட்டை இருந்தது. அடுக்கடுக்காகத் தும்மினார். சாரல் காலத்தில் தும்மாதவர் யார்? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போங்க காதர்" என்று உள்ளே அனுப்பினார்.

மறுநாள் காலை பந்தல் போட்டு, வால்வுக்குப் பக்கத்தில் மேசை நாற்காலி எல்லாம் வைத்தாகிவிட்டது. மாலை தட்டில் இருந்தது. மேடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது.

"அண்ணாச்சி, குழாய இன்னொரு தடவ லைட்டு அடிச்சிப் பாக்கணும். எனக்கு மனசு ஒப்பல."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. உதிரி பாகங்களாக இருந்தபோதே எல்லாவற்றையும் அந்த விளக்கில் பார்த்தாயிற்று. அது ஊதா விளக்கு. இருட்டில் அடித்தால் எண்ணெய் பட்ட இடம் ஒளிரும். "நல்ல நேரம் போயிரும் மேடம்" என்றேன். அவர் கறுப்புத் தார்ப்பாயை எடுத்து வரச் சொன்னார். குழாயின் மேல் கூடாரம் மாதிரிப் போட்டு மூடி, காதர் ஒரு இணைப்பைக் கழற்ற, மூன்று பேரும் உள்ளே குனிந்தோம். மேடம் விளக்கைப் போட்டார்.

குழாயின் உதட்டில் ஒரு கை தெரிந்தது. ஐந்து விரலும், உள்ளங்கையின் ஒரு ஓரமும். வெளிறிய நீல நிறத்தில், இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கட்டைவிரல் குழாயின் உள்பக்கம் அழுந்தியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் திறக்க இருந்த வால்வை ஒட்டிய குழாய் அது. முழங்கை நீளத்துக்கு அப்பால்தான் என் முகம் இருந்திருக்கும்.

"இது யாரு கை?" என்றார் மேடம்.

காதர் தன் கையை அதன் மேல் வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. அவன் அழ ஆரம்பித்தான்.

"அல்லா மேல ஆணையா நான் எண்ண தொடல மேடம். மசாஜும் பண்ணல. அருவியில நின்னதோட சரி."

"கிளவுஸ் போட்டிருந்தீங்கள்லா?"

"போட்டிருந்தேன் மேடம். அந்த வளைவுக்குள்ள விரல் நொழையலன்னு ஒரு நிமிசம் கழத்துனேன். கைதான் சுத்தமா இருக்கேன்னு நெனச்சேன்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "ஏலே, அருவியில உன் பக்கத்துல யாருல நின்னா?" என்று கேட்டேன்.

"யாருன்னு சொல்ல அண்ணாச்சி? கூட்டம்லா. தோளோட தோளு ஒரசிக்கிட்டுத்தான் நின்னோம்."

அவ்வளவுதான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அருவியில் எண்ணெய், சோப்பு கூடாது என்று போர்டு வைத்திருப்பார்கள். அதை யார் படிக்கிறார்கள்? வெளியே மசாஜ் செய்துகொண்டு, உடம்பு மினுமினுக்க நேரே தண்ணீருக்குள் வந்து நிற்பார்கள். சாரல் கூட்டத்தில் நாம் ஒரு சொட்டு எண்ணெய் தொடாவிட்டாலும், வீட்டுக்குப் போகும்போது அடுத்தவன் எண்ணெய் நம் முதுகில் இருக்கும், தலையில் இருக்கும். சின்ன வயதிலிருந்து அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். கையை எவ்வளவு கழுவினால் என்ன? கழுவித் துடைத்த பிறகு, மேடத்திடம் கையை நீட்டும் முன், தொப்பியைச் சரிசெய்யத் தலையை ஒருமுறை தொட்டால் போதுமே. அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு அந்தக் கைரேகையை விடப் பெரிய அதிர்ச்சி.

எம்.டி.யிடம் விஷயம் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் விருந்தாளிகள் முன் தலைகுனிய முடியாது என்ற நிலை அவருக்கு. "துடைச்சிட்டு ஆரம்பிங்க" என்றார். எல்லாவற்றையும் கழற்றித்தான் துடைக்க வேண்டும் என்றார் மேடம். "சாயங்காலத்துக்குள்ள முடிங்க. இன்னைக்கே ஓட்டியாகணும்" என்றார் எம்.டி. காதர் தொட்ட இணைப்புகள் அத்தனையையும் கழற்றி, கரைப்பான் ஊற்றித் துடைத்து, விளக்கடித்துப் பார்த்து மறுபடி பூட்டினோம். காதரை மேடம் எதையும் தொட விடவில்லை. அவன் சுவரோரம் நின்றுகொண்டே இருந்தான்.

எல்லாம் முடிந்ததும் எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "வாங்க அண்ணாச்சி. வால்வுகிட்ட நில்லுங்க."

நான் ஒரு எட்டு வைத்தேன். மேடம் குறுக்கே வந்து நின்றார்.

"வேண்டாம் சார். கண்ட்ரோல் ரூம்ல இருந்து தெறப்போம். மெதுவா தெறப்போம். பக்கத்துல ஈ காக்கா இருக்கக் கூடாது."

"அதான் க்ளீன் பண்ணியாச்சே?"

"கண்ணுக்குத் தெரிஞ்சத பண்ணியாச்சு சார்."

எம்.டி.யின் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். போட்டோ போயிற்று, மரியாதை போயிற்று என்று நினைத்தேன். மேசை நாற்காலியை எடுக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படியே விட்டுவிட்டுத் தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம், கண்ட்ரோல் ரூமுக்கு, எல்லாரும் வந்துவிட்டோம். மேடம் பொத்தானை அழுத்தினார். அழுத்தமானி முள் மெல்ல ஏறுவது திரையில் தெரிந்தது. பாதி ஏறியிருக்கும்.

வெல்டிங் பொறியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது மாதிரி ஒரு வெள்ளை வெளிச்சம். அப்புறம்தான் சத்தம் கேட்டது. ஹைட்ரஜன் பக்கம் அந்த நொடியே தானாக மூடிக்கொண்டது. மூடாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

போய்ப் பார்த்தோம். குழாயோடு சேர்ந்திருந்த அழுத்தமானியைக் காணவில்லை. அதற்குப் போகிற மெல்லிய குழாய் மெழுகுவர்த்தி மாதிரி உருகித் தொங்கியது. அதையும் முந்தின நாள் காதர்தான் பூட்டியிருந்தான். அந்த ஊசிக் குழாய்க்குள் எந்த விளக்கும் நுழையாது, துணியும் நுழையாது. இரும்பு எரியும் என்று மேடம் சொன்னபோது நாங்கள் முகத்தை முகம் பார்த்தோமே, எரிந்துதான் போயிருந்தது. மாலை கருகிப் பொடியாகக் கிடந்தது. நாற்காலியின் முதுகில், மனிதன் உட்கார்ந்தால் நெஞ்சு வருகிற இடத்தில், தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

சிவகாமி எங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள். அவள் அந்த நாற்காலியையே பார்த்தாள்.

"இதுலல்லா என்ன உக்காரச் சொன்னாவ" என்றாள். என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரை விடவில்லை.

மறுநாள் விசாரணை. எம்.டி., மேடம், நான், காதர், இன்னும் இரண்டு அதிகாரிகள். ராத்திரி பூராவும் தூங்கவில்லை என்பது காதரைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் மனைவி பெட்டியிலிருந்து பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டாளாம். வாசலில் என்னிடம் சொன்னான்.

எம்.டி. நேராக விஷயத்துக்கு வந்தார். "யாரும் சாகல, அதுவரைக்கும் நல்லது. ஆனா மேல இருக்கவங்களுக்கு நான் ஒரு பேர் சொல்லணும். யாரோட தவறு?"

எல்லாரும் காதரைப் பார்த்தோம். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"உக்காருங்க காதர்" என்றார் மேடம். அதே தாழ்ந்த குரல்தான். "என் பேரச் சொல்லுங்க சார்."

"உங்க பேரா? நீங்கதானே எல்லாரையும் காப்பாத்துனீங்க?"

"அது மறுநாள் சார். மொத நாள் அவர் கையப் பாத்து உள்ள அனுப்புனது நானு. எனக்குச் சளி. ரெண்டு நாளா எந்த வாசனையும் தெரியல. சாம்பார் வாசனகூடத் தெரியல. அத நான் யார்கிட்டயும் சொல்லல. நம்ம பாக்கலன்னா வேலை நின்னுருமேன்னு சும்மா கையப் புடிச்சி மூக்குகிட்ட வச்சிட்டு அனுப்பிட்டேன். வீட்டுக்குப் போனப்புறம் எனக்குத் தூக்கம் இல்ல."

எங்களை ஒரு மோதிரத்துக்காக வாசலில் நிற்க வைத்த மனுஷி. எம்.டி. என் பக்கம் திரும்பினார். அவருக்கு மேடத்தை விட மனமில்லை. கண்ணாலேயே எனக்கு ஒரு வழி காட்டினார்.

"அண்ணாச்சி, நீங்க பக்கத்துல இருந்தீங்க. இவங்க சும்மா பெருந்தன்மையா சொல்றாங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேடம் தப்பிப்பார், காதர் விமானம் ஏறுவான். இல்லை என்றால் காதர் பிழைப்பான். நேற்று எனக்கு முன்னால் குறுக்கே நின்றவர் வீட்டுக்குப் போவார். இரண்டு பேரையும் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தேன். உண்மை எது என்று எனக்குத் தெரியும். அன்று என் கண் முன்னால்தான் அவர் தும்மிக்கொண்டே அந்தக் கையைப் பிடித்தார்.

"மேடம் சொல்லுதது நெசம் சார்" என்றேன்.

காதருக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கையோடு போயிற்று. அந்த வாரமே மேடத்தை அனுப்பிவிட்டார்கள். பிறகு ஆலையில் புது விதி வந்தது: கையைச் சோதிக்க எப்போதும் இரண்டு பேர், சளி பிடித்தவர் சோதிக்கக் கூடாது, அருவியில் குளித்தவர் அன்று ஆக்சிஜன் பக்கம் போகக் கூடாது. அழுத்தமானிக் குழாய்களை வெளியே தனியாகச் சுத்தம் செய்து, முத்திரையிட்ட உறையில் வாங்குகிறார்கள். புதுப் பிள்ளைகள் இந்த விதிகளைப் படித்துச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

மேடம் கிளம்பின அன்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு தென்காசி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனேன். பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் பக்கம் போய் நின்று, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்தச் சளியப் பத்தி நீங்க சொல்லாட்டா ஒரு ஈ காக்காய்க்கும் தெரிஞ்சிருக்காதே மேடம். எதுக்குச் சொன்னீக?"

அவர் ஜன்னல் கம்பிப் பக்கம் குனிந்தார்.

"அந்த வால்வு முன்னால சிவகாமி அக்காவும் நீங்களும் நிக்கப் போறீங்கன்னு தெரிஞ்சும்தான அண்ணாச்சி, வாசன தெரியாமலே நான் அவர உள்ள விட்டேன்."

பஸ் போய்விட்டது. பக்கத்திலிருந்த கடையின் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.